சிலிண்டர் கணக்கு

மெக்சிகோ நகரில் எங்கே சாப்பிடலாம் என்று
என்னைக் கேட்டால்
நாக்கைக் கேட்டுச் சொல்ல மாட்டேன்.
தோளைக் கேட்பேன்.

முப்பது கிலோ சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு
"காஆஆஸ்" என்று தெருத்தெருவாய்க் கத்துகிறவன் நான்.
எந்த அடுப்பு எத்தனை நாளில்
ஒன்றைக் குடித்து முடிக்கும் என்பது
என் எலும்புக்குத் தெரியும்.

போர்த்தாலெஸ் சந்தைக்குப் பின்னால் நீலக் கதவு,
பெயர்ப்பலகை கிடையாது:
ஒன்பது நாளுக்கு ஒன்று.
போங்கள்.
அங்கே கறுப்பு பீன்ஸ் விடியுமுன் உலையேறுகிறது,
மதியம்வரை அதை யாரும் அவசரப்படுத்துவதில்லை.

மெட்ரோ வாசலில், சுவர் முழுக்கச்
சோளக் கொல்லை வரைந்த கடை:
நாற்பது நாளுக்கு ஒன்று.
கொல்லையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.
உள்ளே மைக்ரோவேவ் மூன்று முறை மணியடிக்கும்,
தட்டின் ஓரம் சுடும், நடுவில் ஐஸ்.

கணக்கு பொய்த்ததும் உண்டு.
கரியில் கறி வாட்டும் ஹெர்மிலோ
என்னிடம் ஒரு சிலிண்டரும் வாங்கியதில்லை.
அந்தக் கடுப்பில் நான்கு வருடம்
அவன் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.
நான்கு வருட நஷ்டம்,
எனக்கு.

இனி தோமித்திலா கடை.
ஏழே நாள்.
எட்டு மேசை என்று கேள்விப்பட்டிருந்தேன்,
நான் பார்த்ததெல்லாம் பின்கதவும் அடுப்பின் முதுகும்.
முதலில் சூப். பிறகு சோறு,
அதற்கும் "உலர்ந்த சூப்" என்றுதான் பெயர்,
சண்டை போடாமல் சாப்பிடுங்கள்.
பிறகு குழம்பில் மிதக்கும் எதுவோ ஒன்று,
அன்றைக்குக் கரும்பலகையில் உள்ளது.

செப்டம்பரில் ஒரு செவ்வாய், இரண்டேகால் மணி.
காலியானதை உருட்டிக்கொண்டிருந்தேன்.
கம்பத்து ஒலிபெருக்கிகள் எல்லாம்
ஒரே தொண்டையில் ஓலமிட்டன.
தோமித்திலா முதலில் வால்வை மூடினாள்.
அப்புறம் பில் நோட்டு.
அப்புறம்தான் ஓட்டம்.

தெருவில் நின்றோம்.
கழுத்தில் துண்டு செருகிய வங்கிக்காரர்,
இரண்டு நர்சுகள்,
கையில் கோழிக்காலோடு ஒருவர்,
அதைக் கடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல்.
மின்கம்பிகள் ஊஞ்சலாடின.
பூமி ஒரு தோளிலிருந்து
மறு தோளுக்கு மாற்றிக்கொண்டது,
நான் மூன்றாம் மாடியில் மாற்றுவேனே,
அதுபோல.

அடங்கிற்று.
ஒருவரும் காசு கொடுத்திருக்கவில்லை.
ஒருவரும் நகரவில்லை.
டை கட்டிய ஒருவன் மட்டும்
மகளின் பள்ளிக்கு ஓடியிருந்தான்.

"இவன் பார்த்துச் சொல்லட்டும்" என்று
என்னைக் காட்டினாள்.
சோப்பு நுரையை ரப்பர் குழாயில் தடவினேன்.
வாசலில் பதினான்கு பசி
என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.
ஒரு குமிழி வந்தாலும் சாப்பாடு இல்லை.
இணைப்பில் காத்திருந்தேன்.
வளைவில் காத்திருந்தேன்.
வரவில்லை.
தலையசைத்தேன்.
தீக்குச்சி கிழிந்த சத்தம்
தெருவுக்கே கேட்டது.

அன்றுதான் முன்கதவு வழியாக நுழைந்தேன்.
எட்டு மேசை, உண்மைதான்.
பாதியில் விட்ட தட்டுகளுக்கு அவரவர் திரும்பினார்கள்,
சூப்பைச் சுடவைத்து ஊற்றினாள்.
எனக்கும் ஒரு தட்டு. பச்சை மிளகாய்க் குழம்பு,
பன்றிக்கறி கரண்டிக்கே உதிர்ந்தது.
ஏழு நாள் எங்கே போகிறது என்று
வாய்க்கும் புரிந்தது.

டை கட்டியவன் மறுநாள் வந்தானாம்.
பாதிச் சாப்பாட்டுக்கு முழுக்காசும் கொடுத்துவிட்டு
மீதிப் பாதியைக் கேட்டானாம்.
மகள் நலம். அவளும் கூட வந்திருந்தாள்.

என்னிடம் தோமித்திலா காசு வாங்கினாள்,
ஒரு பெசோ குறையாமல்.
அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்,
நல்ல கடை.

மூலை மேசை ஆடும்.
பயப்பட வேண்டாம், ஒரு கால் குட்டை.
காகிதத்தை நாலாய் மடித்து
அடியில் வையுங்கள்.