சுற்றளவு

கரடிப்போக்குச் சந்தியிலிருந்து தெற்காக
வீதியின் இடப்பக்கம் மட்டும் இன்று எங்களுக்கு.
என்னிடம் நாடா, சுத்தியல், நூறு தகரத் துண்டுகள்.
அருட்குமரனிடம் கைபேசி.
செய்மதி அகப்படும்வரை அதை வானத்துக்குக் காட்டியபடி
லொறிப் புழுதியில் நிற்பான்.

நெஞ்சளவு உயரம் ஒன்று தசம் மூன்று மீற்றர்
என்கிறது படிவம்.
யாருடைய நெஞ்சோ.
எனக்கு அது தோள்மூட்டில் வருகிறது.

வேம்பு, நூற்றுப் பதினாறு சென்ரிமீற்றர்.
வேம்பு, தொண்ணூற்றொன்பது.
மலைவேம்பு: மின்சார சபைக்காரர் உச்சியைக் கொய்துவிட்டுப் போக
கமக்கட்டில் துளிர்த்திருக்கிறது.
வங்கி வாசலில் ஒரு மகிழ்,
அடியைச் சுற்றிச் சீமெந்து இறுக்கியபடி,
அதன் நிழலில் மூன்று மோட்டார்சைக்கிள்கள்.
'நலம்' என்ற கட்டத்தில் என்ன போட?
"மிதமானது," என்றான் அருட்குமரன்.
எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறான்.

முப்பத்தேழாம் இலக்கம் வாகை.
ஆணி அரை அங்குலம் போய் மடங்கியது.
இன்னொன்று. அதுவும்.
மூன்றாவதற்கு மரம் 'ணங்' என்றது.
எதிர்க்கடையில் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தவர்
தலை நிமிராமல் சொன்னார்:
"உதுக்குள்ள இரும்பு, தங்கச்சி.
மரக்காலைக்காரர் ரெண்டுதரம் வந்து
வாள் பல்லுப் போகுமெண்டு விட்டிட்டுப் போனவங்கள்."

சேதத்தின் காரணம்:
கறையான், பூஞ்சை, இடி, வாகனம், பிற.
பிற.
பலகைப் பெறுமதி: இல்லை.
அந்த 'இல்லை'க்குக் கீழே
நாற்பதடிக்கு நிழல், ஒரு ரியூப் கடை,
ஐஸ்கிறீம் வண்டியொன்று,
அதைச் சுற்றிப் பள்ளிக்கூடம் விட்ட பெடியள்.

பின்னேரம் ஒழுங்கைக்குள் திரும்பினோம்.
வேலியில், வீதிக்குப் பாதி வளவுக்குப் பாதியாய் ஒரு பாலை.
மங்களேஸ் அக்கா தோய்த்த உடுப்போடு வந்து
மரத்துக்கு முன்னால் நின்றார்.
"எண்ணவோ வந்தனீங்கள்?"
"ஓம் அக்கா. பாதுகாக்கத்தான்."
"எங்களையும் அப்பிடிச் சொல்லித்தான் எண்ணினவை."

உடுப்பிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டியது.
நாடாவைச் சுருட்டினேன்.
அருட்குமரன் கைபேசியை இறக்கினான்.
கண்டி வீதியால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போய் முடிந்தது.

"அளக்கிறதெண்டால் அளவுங்கோ," என்றார் பிறகு.
"பேரை எழுதுங்கோ. இடத்தை எழுதுங்கோ.
இலக்கம் மட்டும் குத்தக் கூடாது."

முள்ளுக்கம்பிக்கு மேலால் கைவிட்டு
நாடாவின் மற்ற முனையைப் பின்பக்கமாய்
அவரேதான் எட்டித் தந்தார்.
நூற்றெழுபத்திரண்டு.
"போன வருசமும் இவ்வளவுதானோ?" என்று கேட்டார்.
போன வருசம் யாரும் அளக்கவில்லை என்றேன்.

எழுபத்தொன்று என்று பொறித்த தகரத்தை
என்ன செய்வதென்று தெரியாமல் நீட்டினேன்.
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.
பிறகு கொடியில்,
வெள்ளைப் பள்ளிச் சட்டைக்கும் ஈரத் துவாய்க்கும் நடுவில்,
நீலக் கிளிப் ஒன்றால் அதைக் கொழுவிவிட்டார்.

கொடியின் ஒரு முனை பாலையில்தான் கட்டியிருந்தது.
நைலோன் கயிற்றைப் பட்டை பாதி விழுங்கியிருந்தது.
அதைச் சேதத்தில் எழுதவில்லை நான்.