திரும்பத் தரப்படாது

சீட்டு வாங்கும்போது நாங்கள் கணவன் மனைவி.
பணம் திரும்பத் தரப்படாது என்று
அடியில் பொடி எழுத்தில் இருந்தது.
வக்கீல் மேசையில் வீட்டைப் பிரித்தோம், காரைப் பிரித்தோம்,
நாய்க்குக்கூடக் கிழமை குறித்தோம்.
இது மட்டும் விட்டுப்போயிற்று.

ஆளுக்கு நாற்பத்தெட்டுப் பவுண்டு,
காசைக் கரியாக்குவானேன் என்றான் ரோலண்ட்.
அவன் அப்படித்தான்.
தேதி போன மாத்திரையையும்
பாதியாக உடைத்து விழுங்குபவன்.

லண்டனின் சிவப்புப் பேருந்து. மேல்தளம். எதிரெதிர் இருக்கை.
மேசையில் ஓட்டை போட்டுக்
கோப்பையைச் சொருகியிருந்தார்கள்.
பீங்கான் இல்லை, மூடி போட்ட பிளாஸ்டிக்,
கைக்குழந்தைக்குக் கொடுப்பதுபோல் மூக்கு வைத்தது.
ஐம்பத்தெட்டு வயதில் அதை உறிஞ்சினேன்.
அவன் வேறு பக்கம் பார்த்தான்.
அந்த மரியாதை இன்னும் இருக்கிறது.

வெளியே மழை.
உள்ளே முப்பது பேரின் மூச்சு, கெட்டிலின் ஆவி.
கண்ணாடியெல்லாம் பால் வெளுப்பு.
ஒலிபெருக்கியில் பதிவுசெய்த கனவான் ஒருவர்
இதோ உங்கள் இடப்புறம் நாடாளுமன்றம் என்றார்.
என் இடப்புறம் வெள்ளை.
வலப்புறம் மணிக்கூண்டு என்றார்.
ரோலண்டின் காதுக்குப் பின்னாலும் வெள்ளை.
ஊரையே பஞ்சில் பொதிந்து
பரணில் போட்டுவிட்டார்கள்.

வெள்ளரி சாண்ட்விச்
ஓரம் காய்ந்து காது மடங்கியிருந்தது.
ஸ்கோன் கையில் எடுத்தால் கல்,
கத்தி வைத்தால் மணல்.
ஜாம் உண்டு, கிரீம் தீர்ந்துவிட்டது.
தட்டு ஏந்தி வந்த இல்கா
பேருந்து குலுங்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டாள்,
சாலைப் பள்ளங்களை அவளே இரவில் தோண்டியதுபோல.

பாலத்துக்குச் சற்று முன் நின்ற வண்டி
நின்றதுதான்.
குழாய் வெடித்துத் தெருவைக் கொத்துகிறார்களாம்.
நாங்கள் நின்றோம். கனவான் நிற்கவில்லை.
பாலம் கடந்தார், கோட்டையைச் சுற்றினார்,
தலை இழந்த ராணிகளைக் கணக்குச் சொன்னார்,
தேவாலயத்தின் கவிகை மாடத்தை
அண்ணாந்து பார்க்கச் சொன்னார்.
நாலைந்து பேர் அண்ணாந்தும் பார்த்தார்கள்.
அங்கே ஒரு குழல்விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

காகிதக் கிரீடம் வைத்த வெர்னா என்பவர்,
எண்பதாவது பிறந்தநாளாம்,
கழிப்பறை எங்கே என்று உரக்கக் கேட்டார்.
அடுத்த நிறுத்தத்தில் என்றாள் இல்கா.
அடுத்த நிறுத்தம் எப்போது?
இதற்குக் கனவானிடமும் பதிவு இல்லை.

ரோலண்ட் கைத்துண்டுக் காகிதத்தால்
தன் பக்கக் கண்ணாடியில்
தட்டளவு வட்டம் ஒன்று துடைத்தான்.
பார்க்க நான் மேசைமேல் சாய வேண்டியிருந்தது.
அவன் தலையில்
நான் வாங்காத ஷாம்பூவின் வாசனை.

வட்டத்துக்குள் கோபுரம் இல்லை, குதிரைவீரன் சிலை இல்லை.
பூட்டிய செருப்புத் தையல் கடை.
தோண்டிய குழியின் விளிம்பில்
மஞ்சள் மேலங்கிக்காரன் ஒருவன்
தார்ப்பாயைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு
பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினான்.
அதில் ஆவி பறந்தது.
எங்களைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினான்.

"அது பீங்கான்" என்றான் ரோலண்ட்,
சொத்து பறிபோன குரலில்.
சிரித்துவிட்டேன். அவனும்தான்.
அதற்குள் வட்டம் மூடிக்கொண்டது.
மறுபடி துடைக்க
காகிதமும் இருந்தது, நேரமும் இருந்தது.
இருவரும் துடைக்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து
ஏறிய இடத்துக்கு எதிர்ச்சாரியில் இறக்கிவிட்டார்கள்.
புகார் எழுதப்போவதாகச் சொன்னான்,
பேனாவைக்கூட எடுத்துவிட்டான்.
"உன் பெயரையும் சேர்க்கட்டுமா?"
சேர் என்றேன்.
"எந்தப் பெயரை?"
குடை இல்லாமல் நின்று யோசித்தோம்.
பிறகு அவன் பேருந்து வந்தது, சாதாரணப் பேருந்து.

புதன்கிழமை என் முறை.
கைப்பையில் கொண்டுவந்த ஸ்கோனை
பார்ஸ்னிப்பின் தட்டில் வைத்தேன்.
மூன்று முறை முகர்ந்தது,
என் முகத்தைப் பார்த்தது,
போய்ப் படுத்துக்கொண்டது.