கல் எண் பதினேழு

மேற்கே கண்மாய், கிழக்கே முந்திரிக்காடு.
நடுவில் நாற்பத்தோரு வீடு,
அதில் பன்னிரண்டு எனக்குச் சேராது.
நான் தெற்கு மாவட்டத்து நில அளவன்.

எல்லைக்கல் சிகப்பாயியின் ஆட்டுக்கொட்டிலுக்குள் நிற்கிறது.
ஆடுகள் முதுகு தேய்த்துத் தேய்த்து
ஏழு அழிந்துவிட்டது.
ஒன்று மட்டும் தெரிகிறது, அதுவும் சாய்வாக.

சமஸ்தானம் இருந்த நாளில்
கல்லுக்கு வடக்கே அம்மன் காசுக்குப் புளி கிடைக்கும்.
தெற்கே அதே காசு வெறும் செம்பு.
சந்தைக்குப் போகிறவர்கள்
இரண்டு சுருக்குப்பை செருகிக்கொண்டு போனார்களாம்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் கரைந்தது.
கோடு கரையவில்லை.
திருச்சி, ராமநாதபுரம் என்றார்கள்,
பிறகு புதுக்கோட்டை, சிவகங்கை.
கல்லிடம் யாரும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் கண்மாயில் ஒரு பிணம் மிதந்தது.
ஊர் தெரியாத ஆள். இடக்கையில் தேள் பச்சை.
இரண்டு ஸ்டேஷனும் வந்தன.
என்னை அளக்கச் சொன்னார்கள்.
கோட்டுக்கு வடக்கே மூன்று மீட்டர் என்று எழுதினேன்.
காற்று திரும்பியது.
அடித்துவிட்டு, தெற்கே இரண்டு என்று எழுதினேன்.
ஏட்டுகள் இருவரும்
அடுத்த காற்றை நம்பிப் பீடி பற்றவைத்தார்கள்.

சிகப்பாயிதான் இறங்கினாள்.
இடுப்பளவுத் தண்ணீரில்
சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள், கிடாயை இழுப்பதுபோல.
"எந்தக் கரைக்கு? எந்தக் கரைக்கு?"
என்று இரண்டு பக்கமும் கத்தினார்கள்.
"மேடு எங்கிட்டு இருக்கோ அங்கிட்டு."

என் புலப்படத்தில் அந்த மேடு இல்லை.
பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்,
கோட்டின் மேலேயே.
இன்னும் மை போடவில்லை.