பாயிண்ட்

ராத்திரி ரெண்டே காலுக்கு
வலது கால் பெருவிரலில்
யாரோ ரிக்கை நிறுத்தி ராடு இறக்கினார்கள்.

தேள் என்றுதான் எழுந்தேன்.
லைட்டைப் போட்டால் தேளும் இல்லை, பூரானும் இல்லை.
விரல் மட்டும் பழுத்த மிளகாயாய்ப்
பளபளத்துக்கொண்டு கிடந்தது.
போர்வை நுனி பட்டதற்கே கத்தினேன்.
ஃபேன் காற்று கல்லாய் விழுந்தது.
சாரதாமணி உப்பை வறுத்துத் துணியில் கட்டிவந்து
ஒரே ஒரு ஒத்தடம் வைத்தாள்.
திருச்செங்கோட்டில் பாதிப் பேர்
அப்போது எழுந்திருப்பார்கள்.

முந்தாநாள் மூலனூர்ப் பக்கம் ஒரு தோட்டம்.
தேங்காய் நிமிர்ந்த இடத்தில் எண்ணூற்று நாற்பது அடி.
பீறிட்டு அடித்தது தண்ணீர். கெடா வெட்டினார்கள்.
"தண்ணி கொண்டாந்த மகராசனுக்கு மொதல்ல ஈரலு"
இலை கொள்ளாமல் வைத்தார் தோட்டத்துக்காரர்.
அப்புறம் குடல், அப்புறம் ரத்தப் பொரியல்,
அப்புறம் வண்டிக்குப் பின்னால் மூன்று பீர்.
நாலு என்பாள் சாரதாமணி.
அவள் அங்கே வரவே இல்லை.
ஆனாலும் நாலுதான்.

டாக்டர் நூர்ஜஹான் விரலைத் தொடவில்லை, பார்த்தார்.
ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு விளக்கினார்:
"யூரிக் ஆசிட்டுங்க. கரையறதுக்கு எடமில்லாமப் போனா
ஊசி ஊசியாப் படியும்,
ஒடம்புலயே குளுந்த மூட்டாப் பாத்து."

கல்லா?
எனக்கா கல்லைப் பற்றிச் சொல்கிறார்?
பறக்கிற புழுதியின் நிறம் பார்த்து
எத்தனையாவது அடியில் என்ன பாறை என்று
அரைத்தூக்கத்தில் சொல்லுவேன் நான்.
என் விரலுக்குள் விளைந்ததை
ஒரு துளி புழுதி காட்டிக்கொடுக்கவில்லை.

"நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

ராய்ப்பூரிலிருந்து ராசிபுரம் வரை
எத்தனை காட்டுக்கு நீர் எடுத்துக் கொடுத்திருப்பேன்.
நான் குடித்தது காலையில் ஒரு சொம்பு,
மத்தியானம் ஆரஞ்சு கலர் ஒரு பாட்டில்.
காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

பெயர் கேட்டார். அர்த்தநாரி.
பேனா கொஞ்சம் நின்றது.
"பொம்பளைங்களுக்கு மாதவிலக்கு நிக்கிற வரைக்கும்
இது அவ்வளவா வராதுங்க."
மலைமேல் நிற்கிறவருக்கும்
வலப்பாதிதானே அப்பன் பாதி.
வலித்தால் அவருக்கும் அங்கேதான் வலிக்கும்.

உப்பு ஒத்தடம் என்றதும் டாக்டரின் முகம் மாறியது.
சாரதாமணி என்னைப் பார்க்கவில்லை.
துணி சுற்றின ஐஸாம், இருபது நிமிஷம்,
காலைத் தலையணைமேல் தூக்கிவைத்து.
வலிக்கு ஒரு மாத்திரை, வயிறு கலக்கினால் உடனே சொல்லணும்.
தினசரி மாத்திரை ஒன்று பின்னால் வரும்,
வலி இல்லையே என்று அதை நிறுத்தக் கூடாது.
"வாயைக் கட்டுனா பாதிதானுங்க.
மீதி உங்க கிட்னியோட வாகு."

"கொள்ளுங்களா?" என்றாள் சாரதாமணி மெதுவாக.
கொள்ளும் போனால் எங்கள் வீட்டில் அடுப்பெதற்கு?
"பருப்புக்குப் பயப்படாதீங்க.
ஈரலு, பீரு, அந்தக் கலரு, அதுக்குப் பயப்படுங்க.
மோர் எவ்வளவு வேணும்னாலும் குடிங்க."

ஆறு நாள் செருப்புப் போடவில்லை.
ஆக்சிலேட்டரை நினைத்தாலே விரல் சுருங்கியது.

இப்போது வெள்ளகோவில் தாண்டி ஒரு காடு.
ராடு மாற்றுகிற லக்கனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்,
நாலு ராடு இறங்கினால் எனக்கு ஒரு டம்ளர்.
தோட்டத்தம்மா ஈரல் வறுக்கட்டுமா என்றார்கள்.
விரலைக் காட்டினேன். மோர் வந்தது.

முப்பத்தாறாவது ராடு.
புகை, புகை, வெள்ளைப் புழுதி.
அந்தக் காட்டில் இன்னும் ஈரம் தட்டவில்லை.
நான் மட்டும் ஆறாவது தடவையாகக்
கிளுவை வேலியோரம் போய் வருகிறேன்.