மீட்டருக்கு எத்தனை ஒறம்பரை

வெள்ளகோவில் தாண்டி, முத்தூர் ரோட்டில்
கல்யாண மண்டபத்தைப் புதுப்பிக்கிறார்கள்.
பால்கனியின் பழைய சிமெண்டுக் கைப்பிடியை
இடித்து இறக்கியாயிற்று.
இனிக் கண்ணாடி.

"மேல நின்னா மணவறை முழுசாத் தெரியோணும் அம்மிணி.
கம்பி கிம்பி வேண்டாம்,
ட்ரோன்ல எடுக்கறப்ப கோடு விழுகுது"
என்றார் சிவமலை.

நான் கேட்டது வேறு:
ஒரு மீட்டருக்கு எத்தனை பேர் சாய்வார்கள்?

எண்ணிச் சொல்ல இதென்ன மொய் நோட்டா
என்று சிரித்தார்.

விதிப்புத்தகம் எண்ணி வைத்திருக்கிறது.
கூட்டம் கூடும் இடமென்றால்
மீட்டருக்கு இருநூற்று முப்பது கிலோ,
பக்கவாட்டில், மேல் விளிம்பில்.
புத்தகத்துக்குக் கெட்டிமேளம் தெரியாது.
அதுவரை வெற்றிலையும் வம்புமாய்ச் சிதறிக் கிடந்த
மாடி ஒறம்பரை
ஒரே நொடியில் முன்னுக்கு வருவதும்,
பின்வரிசை முன்வரிசையின் தோளில் ஏறுவதும்,
எல்லாக் கையிலும் அட்சதை இருப்பதால்
ஒரு கையும் பிடிமானத்தில் இல்லாததும்.

முதலில் தளத்தைக் கேட்டோம்.
எண்பத்து நாலில் போட்டது.
விளிம்பில் துளையிட்டு, நங்கூர ஆணி இறக்கி,
பசை காய ஒரு நாள் விட்டு,
ஜாக்கி வைத்து இழுத்தான் சுகராம்.
முள் பாதிகூட ஏறவில்லை.
ஒரு கை அகலம் பெயர்ந்து வந்தது காங்கிரீட்,
உள்ளே கம்பி கருப்பட்டித் தூளாய்.
"தீதி, இது வெறும் மண்ணுங்க" என்றான்,
இரண்டு வருடத்தில் கற்ற கொங்குத் தமிழில்.

விளிம்பை வெட்டிப் புதுக் கம்பி கட்டச் சொன்னேன்.
சிவமலை மூன்று நாள் போன் எடுக்கவில்லை.

நான் எழுதிக் கொடுத்தது இரட்டைத் தகடு, நடுவே படலம்.
வந்திறங்கியது ஒற்றைத் தகடு.
"டஃபன்டுங்க, ஆனை முட்டினாலும் அசையாது."
ரசீதில் என் கையெழுத்து வேண்டுமாம்.
போடவில்லை.
ஆனாலும் ஏழு தகடுகளை நிறுத்திவிட்டார்கள்.

புரட்டாசி இரண்டாம் சனி, நடுராத்திரி,
மூன்றாவது தகடு தானாக உடைந்தது.
காற்றில்லை, பூனையில்லை.
பட்டாசு என்று நினைத்துத்
திரும்பிப் படுத்தாராம் வாட்ச்மேன் மாரப்பன்.
காலையில் மணவறை போடும் இடத்தில்
கல்லுப்பு மூட்டை அவிழ்ந்த மாதிரி ஒரு குவியல்.

"எவனோ கல்லடிச்சிருக்கான்."
பங்காளி வீடு இருக்கும் திசையைப்
பார்த்தபடி சொன்னார் சிவமலை.

செருப்போடு குவியலில் குந்தித் தேடினேன்.
மத்தியானம் கிடைத்தன
பிரியாமல் ஒட்டியிருந்த இரண்டு துண்டுகள்,
மற்றவற்றைவிடப் பெரியவை,
பட்டாம்பூச்சி இறக்கை விரித்தாற்போல்.
இறக்கைகள் சேரும் கோட்டில்,
லென்ஸ் வைத்தால் மட்டும், ஒரு புள்ளி.
உருக்கும்போதே சிக்கிக்கொண்ட நிக்கல் துகள்.
யாருக்கும் தெரியாமல் பருத்துக்கொண்டே இருந்து
அன்றைக்குப் போதுமென்று நினைத்திருக்கிறது.

"பங்காளிதானுங்க," என்றேன்,
"ஆனா உள்ளயே இருந்தவன்."

அவர் சிரிக்கவில்லை.
குவியலிலிருந்து மேலே பார்த்தார்.
ஒரு மீட்டர் அகலத்துக்கு அங்கே ஒன்றுமில்லை.
"இருநூத்தி முப்பது கிலோ" என்றார்,
என்னிடம் இல்லை.

பிறகு எல்லாம் மெதுவாக, செலவாக நடந்தது.
இரட்டைத் தகடு வந்தது.
மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டி ஊசலாட்டி மோதினோம்.
மாதிரித் தகட்டில் சிலந்திவலையாய் விரிசல் ஓடியது,
ஒரு துணுக்கும் விழவில்லை.
சுகராம் மூட்டைக்கு ஒரு கும்பிடு போட்டான்.
மேலே, நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே,
ஒரு தகடு போனாலும் தூண்களோடு நிற்கும்படி
எவர்சில்வர் கைப்பிடி.

தையில் முதல் முகூர்த்தம்.
எனக்குப் பத்திரிகை வரவில்லை, பாக்கிப் பணமும்.
இரவு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது,
ட்ரோன் எடுத்தது.
குறுக்கே வெள்ளிக் கோடு.
அதைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பியிருந்தார்
சிவமலை.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
கோட்டின் மேல் முழங்கைகள், ஒரு ஈரத் துண்டு,
கீழே கண்ணாடியில் மூக்கழுந்திய ஒரு பொடிசு.
மூன்றாவது தகட்டில்
பதினொரு பேர்.