மற்றவை: குறிப்பிடுக

ஷிரே ஆறு பெருகி வடிந்த சேற்றில்
மோட்டார் சைக்கிள் புதைந்ததும்
அதை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.
நிசாஞ்சே. பிப்ரவரி.
மக்காச்சோளம் இடுப்புயரம் நிற்கிறது,
கதிர் முற்ற இன்னும் ஆறு வாரம்.

கையில் டேப்லெட், அதில் ஒன்பது கேள்விகள்.
விடைகள் நான்கே:
இல்லை, அரிதாக, சில வேளை, அடிக்கடி.

"கடந்த நான்கு வாரங்களில்
வீட்டில் உணவு போதாமல் போகுமோ என்று
கவலைப்பட்டீர்களா?"

எனிஃபா என்னைப் பார்த்தாள்,
ஈரம் தெரியுமா என்று கேட்டவனை
மீன் பார்ப்பதுபோல.
"கவலை விருந்தாளி ஐயா, வந்தால் போகும்.
இது இங்கேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறது."

'அடிக்கடி'யைத் தொட்டேன்.

"உண்ண விரும்பாததை உண்ண நேர்ந்ததா?"

நியிகா என்றாள். ஆற்று அல்லியின் கிழங்கு.
கழுத்தளவு நீரில் நின்று காலால் துழாவி எடுப்பது.
ஒருத்தி துழாவும்போது இன்னொருத்தி
கரையில் நின்று முதலை பார்க்க வேண்டும்.
"போன மாதம் ஒருநாள்
யாரையும் கூப்பிடாமலே இறங்கினேன்."

பயமாக இல்லையா என்று கேட்டேன்.
அது படிவத்தில் இல்லாத கேள்வி.

"வந்தால் வரட்டும் என்றிருந்தது.
அப்படி நினைத்தது பசியா, நானா
என்றுதான் இன்னும் தெரியவில்லை."

என் விரல் திரைக்கு மேலே நின்றுவிட்டது.
இதற்குக் கட்டமில்லை.
மனசு வேறு திட்டம், வேறு ஜீப்.
ஜூலையில் வேறொருவர் வருவார்
வேறு ஒன்பது கேள்விகளோடு:
தூக்கம் வருகிறதா, எதிலாவது நாட்டம் இருக்கிறதா,
இருப்பதைவிட இறப்பது மேல் என்று தோன்றியதா.
அந்த ஒன்பதும் இந்த ஒன்பதும்
ஒரே அடுப்பின் முன் உட்கார்ந்ததேயில்லை.

கடைசியில் ஒரு வரி இருந்தது,
மற்றவை: குறிப்பிடுக. அறுபது எழுத்துகள்.
எழுதினேன். அழித்தேன்.
'ஆற்றில் இறங்கினார். கரையில் யாருமில்லை'
என்று மறுபடி எழுதினேன்.
இடம் மிச்சமிருந்தது.

மே மாதம் இரண்டாம் சுற்று.
சேறு காய்ந்து வெடித்திருந்தது.
எனிஃபாவின் குதிர் முக்கால்வரை நிறைந்திருந்தது,
பானையில் நிசிமா தடித்துக் கொதித்தது.
இல்லை, என்றாள். இல்லை. இல்லை.
ஒன்பதற்கும் இல்லை.
கூட்டினால் பூச்சியம்.
எங்கள் கணக்கில் பூச்சியம்தான் நலம்.

வாசலில் அவள் மகன் லஃபுகேனி, ஆறு வயது,
உண்டுகொண்டிருந்தான்.
கடைசிக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல்
உருட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
கோழிக்கூண்டுக்குப் பின்னால் போனான்.
திரும்பியபோது நகக்கண்ணெல்லாம் மண்.

"கண்டுகொள்ளாதீர்கள்," என்றாள்.
"தினமும் புதைக்கிறான், எறும்பு தின்கிறது.
அடித்தும் பார்த்தேன்.
அவனைச் சொல்லி என்ன?
நடுராத்திரியில் எழுந்து குதிருக்குள் கைவிட்டு
முழங்கைவரை தானியத்தில் மூழ்கினால்தான்
எனக்குக் கண் மூடுகிறது.
வயிறு நிறைந்த சேதி
தலைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை ஐயா."

ஜூலையில் வருகிறவரிடம் இதைச் சொல்லுங்கள் என்றேன்.
"வருவாரா?"
பட்டியலில் இந்த ஊர் இருக்கிறதா என்று
நான் பார்த்திருக்கவில்லை.

அன்றிரவு விடுதி அறையில்
சார்ஜரைத் தேடிப் பையைக் கவிழ்த்தபோது
அடியிலிருந்து விழுந்தது
ஒரு பிஸ்கட் பொட்டலம்.

இரண்டாயிரத்து இரண்டின் பஞ்சத்தில் எனக்குப் பதினான்கு.
இந்தப் பொட்டலத்தை நான் பிரித்ததில்லை.
தேதி முடிந்தால் கடைக்குப் போய்
இதேபோல் இன்னொன்று வாங்கி வைப்பேன்.
மனைவி கேட்டால்,
வண்டி வழியில் நின்றுபோனால் என்ன செய்வது,
அதற்குத்தான் என்பேன்.