ஆறு கிளாஸ்

செத்துப்போன ரைட்டர் ஏட்டின் மகன்
வீடு காலி பண்ணும்போது கொடுத்தான்.
பாவு நூலால் கட்டிய கோப்பு, உள்ளே ஒரே தாள்.
'இரகசியத் தகவலாளர் கூறியபடி
சோமனூர், பாவு ஓட்டும் கொட்டகை, இரவு மணி பத்தரை.
கூலி உயர்வுக் கமிட்டி. ஆஜர் ஆறு பேர்.'

ஏழு பேர் இருந்தோம்.
ஏழாவது நான்.

அன்று விடியக் கருக்கலில்
ஆறு வாசலில் ஜீப் நின்றது.
என் வாசலில் மட்டும்
சாணித்தண்ணி தெளித்த ஈரம் அப்படியே கிடந்தது,
ஒரு டயர் தடம் இல்லாமல்.
இல்லாத அந்தத் தடத்தை
இருபத்தெட்டு வருசமாய் ஊர் படித்துவருகிறது.

அவர்கள் உள்ளே பதினெட்டு நாள்.
ஒன்பதாம் நாளே தறிகள் ஓட ஆரம்பித்தன, பழைய கூலிக்கு.
என் சந்தாவைச் சங்கம் வாங்கவில்லை.
'எத்தனை கொடுத்தானுங்கொ உங்களுக்கு?'
தக்காளி பொறுக்கிக்கொண்டே சந்தையில் கேட்டான் பொங்கியண்ணன்.
என் சம்சாரம் அதற்கப்புறம் சந்தைக்கு வருவதில்லை.

நான் சென்னியப்பனைச் சொன்னேன்.
முதல் ஜாமீன் அவனுக்குத்தான்.
அந்தத் தீபாவளிக்கு அவன் வீட்டில் கிரைண்டர் வந்தது.
மச்சான் வேறு கோர்ட்டில் டவாலி.
போதாதா?
போதும் என்று நாலு பேர் நம்பினார்கள்.
அவன் மகள் கல்யாணத்தில் பந்தி பாதி காலியாம்.
அவன் இழவுக்கும் நான் போகவில்லை.

தாளில் பேர்கள் இருந்த வரிசைதான் உறுத்தியது.
முந்தாநாள் சேர்ந்த ராக்கியப்பன் முதல்,
தலைவர் அங்கமுத்து கடைசி.
வயசா, தெருவா, சாதியா, உட்கார்ந்த இடமா?
பால்கணக்கு நோட்டின் பின்பக்கம்
ஆறு பேரையும் கலைத்துக் கலைத்து அடுக்கிப் பார்த்தேன்.
எதிலும் அடங்கவில்லை.

பிறகொரு நாள் கருமத்தம்பட்டி பேக்கரியில்
கல்லாவிலிருந்து சத்தம்:
'ரெண்டு ஸ்ட்ராங்கு, மூணு லைட்டு,
கடசீல ஒண்ணு சக்கரை இல்லாம!'

அங்கமுத்துவுக்குச் சக்கரை வியாதி.

விளக்கை அணைத்துவிட்டுத்தான் பேசுவோம்.
கம்பிக்கூடையோடு கதவிடுக்கில் வந்து நிற்பான்
மருதாசலம். பதிமூணு வயசு.
யாருக்கு எது என்று அவனுக்கு மனப்பாடம்.
முகம் வேண்டியதில்லை.
இருட்டுக்குள்ளிருந்து கை நீளும், கிளாஸ் போகும்.
ஆறு கை.

என் கை நீளவில்லை.
அன்று கிருத்திகை.
பல்லில் பச்சைத்தண்ணி படாத விரதம்.
செங்கொடி பிடிக்கிறவன் அதை யாரிடம் சொல்வேன்?
'வயித்து வலி' என்றேன்.
குற்றம் சாட்டியபோதும் அதையேதான் சொன்னேன்.

கல்லாவில் இருப்பது அவன்தான்.
கேட்டுவிடுவது என்று போனேன்.
யார் உன்னைப் பிடித்தது,
அறைந்தார்களா, புரோட்டா வாங்கிக் கொடுத்தார்களா,
உங்கப்பனுக்குத் தெரியுமா.
வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

தலை வழுக்கை விழுந்திருந்தது அவனுக்கு.
என்னைப் பார்த்தான்.
மேசை துடைத்த துணியை நாலாய் மடித்தான்,
பிரித்தான், திரும்ப மடித்தான்.
'இன்னைக்காச்சும் ஒரு டீ குடிப்பீங்களாண்ணா?'

குடித்தேன்.
காசு வேண்டாமென்றான்.
நானும் ரெண்டாந்தரம் நீட்டவில்லை.

சென்னியப்பன் மகளை அவிநாசியில் கொடுத்திருக்கிறது.
பிரிவில் நின்றால் கால் மணிக்கு ஒரு பஸ்.
இதோடு நாலு போய்விட்டது.